சூரன் மரத்தில் ஒரு ரோபோ

நேற்றுப் பின்னேரம், பசை காய்வதற்காக, அந்த மரக்கையின் விரல்களில் சயந்தன் நான்கு இரும்புப் பிடிகளை முறுக்கிப் பூட்டிவிட்டுப் போயிருந்தான். இன்று வேலையால் வந்து நிலவறைக் கதவைத் திறந்தபோது நான்கும் கழற்றப்பட்டு, மேசை ஓரத்தில், சிறியதிலிருந்து பெரியதுவரை வரிசையாக அடுக்கப்பட்டிருந்தன. அப்படி அடுக்குவது அவனுடைய பழக்கம். தச்சுவேலை பழகிய காலத்தில் முதலாளி திட்டித் திட்டிப் பழக்கியது. ஆனால் நேற்று அவன் அடுக்கவில்லை. கழற்றவே இல்லை.

பயம் பிறகுதான் வந்தது. முதலில் வந்தது கோபம். அவனுக்கு எப்போதும் அதுதான் முதலில் வரும்.

ஓர்லிகோனில் அவர்கள் குடியிருந்த ஐந்து மாடிக் கட்டடத்தின் அடியில், போர் வந்தால் ஒதுங்குவதற்கென்று கட்டிய அறை அது. ஒரு அடி தடிப்பான கொங்கிறீற்றுக் கதவு, உள்ளிருந்தும் திறக்கலாம். உள்ளே ஒவ்வொரு வீட்டுக்கும் சலாகை அடித்த ஒரு தடுப்பு. பனிச்சறுக்குப் பலகைகளும் பழைய தொட்டில்களும் மற்றத் தடுப்புகளில் கிடக்க, சயந்தனின் தடுப்பில் மட்டும், ஏழு அடி உயரத்தில், சாம்பலும் செம்மஞ்சளும் பூசிய மர ரோபோ ஒன்று நின்றது. கண்ணுக்குப் பதிலாக ஒரு கறுப்புப் பிளவு. வாய் இல்லை. உள்ளே ஒரு கம்பி இல்லை, ஒரு பற்றரி இல்லை. தோளில் மர ஆணி. அந்தக் கையைத் தூக்க இரண்டு கையும் வேண்டும், அவ்வளவு இறுக்கம்.

அவனுடைய தடுப்பின் இன்னொரு சாவி முதல் மாடியில் ஃபிராவ் ஹூர்லிமனிடம் இருந்தது. எண்பது வயது மூதாட்டி. சலவை அறை முறைகளை எழுதி ஒட்டுகிற பொறுப்பு அவருடையது. சயந்தன் இரண்டு இரண்டு படியாக ஏறிப் போய்க் கதவைத் தட்டினான். தட்டியது கொஞ்சம் பலம்.

"என் அறைக்குள் போனீர்களா?" என்று ஜெர்மனில் கேட்டான்.

"நானா? சலவைக்குத் தவிர நான் இறங்குவதில்லை. என் முழங்காலுக்கு அந்தப் படிகள் ஒத்துவராது, ஹெர் சயந்தன்."

"சாவி உங்களிடம்தானே இருக்கிறது!"

"இருக்கிறது. ஆணியில் தொங்குகிறது. பாருங்கள்." அவருடைய கையில் மாவு ஒட்டியிருந்தது. உள்ளே போய் ஒரு தகரப் பெட்டியோடு திரும்பி வந்தார். "பிஸ்கட் சுட்டேன். சனிக்கிழமை உங்கள் மகள் வருகிறாளாமே. அவளுக்கு வையுங்கள்."

"என் பொருளை யாரும் தொடக்கூடாது!" என்று அவன் கத்தினான். மாடிப்படி முழுவதும் அது எதிரொலித்தது. அந்தப் பெட்டியை நீட்டிய கை நீட்டியபடியே இருக்க, அவன் இறங்கிப் போனான். ஒரு பிஸ்கட் பெட்டியை வாங்கி "நன்றி" என்று சொல்ல எவ்வளவு நேரம் எடுக்கும்? அந்த நேரம் அவனிடம் இருக்கவில்லை.

சனிக்கிழமை. அவனுடைய நாட்கள் எல்லாம் அந்த ஒரு நாளை நோக்கியே போய்க்கொண்டிருந்தன. மார்ச் மாதம், எட்டு வயது மகள் மதுஜா பசைப் போத்தலைத் தட்டிக் கொட்டியதற்கு அவன் கை ஓங்கினான். மனைவி லக்சாயினி இடையில் வந்தாள். அடி அவளுடைய காதில் விழுந்தது. அடுத்த நாள் காலை அவள் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஓஸ்டர்முண்டிகனில் உள்ள தன் அக்கா வீட்டுக்குப் போனாள். எட்டு மாதம் ஆகிவிட்டது. இந்தச் சனிக்கிழமை மூன்று மணிக்கு, முதல் தடவையாக, இருவரும் வீட்டுக்கு வருவதாக ஒப்புக்கொண்டிருந்தார்கள். எல்லாம் சரியாக நடந்தால் திரும்பி வந்து இருப்பதைப் பற்றி யோசிக்கலாம் என்று லக்சாயினி தொலைபேசியில் சொன்னாள். அவன் ஒருமுறை குரல் உயர்த்தினால் அது முடிந்துவிடும். அதையும் அவள் சொல்லித்தான் வைத்தாள்.

ரோபோ கேட்டது மதுஜா. விண்வெளிக் கதைகளில் வருகிற மாதிரி, ஆள் உயரத்தில்.

"என்ரை அளவு உயரமோ, பிள்ளை?"

"இல்லையப்பா. உங்களிலும் உயரமா."

"ஏன் அவ்வளவு பெரிசு?"

அவள் தொலைபேசியைத் தாயிடம் கொடுத்துவிட்டாள்.

நெஞ்சுப் பகுதிக்கு அவனிடம் நல்ல மரம் இருந்தது. அதுதான் பிழை. கோயிலில் சூரன் போருக்கு வைத்திருந்த பழைய சூரனின் உடல் அது. யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலில் வந்த வேம்பு. இருபது வருடம், ஒவ்வொரு கந்தசஷ்டிக்கும், இளந்தாரிகள் பத்துப் பேர் அதைத் தோளில் தூக்கி, சூரன் சீறுகிற மாதிரி முன்னும் பின்னும் ஆட்டுவார்கள். சயந்தனும் ஆட்டியிருக்கிறான். கழுத்துத் துளையில் ஒரு தலை விழ இன்னொரு தலை பூட்டுவார்கள். எல்லாம் முடிந்தபின் வயதானவர்கள் வந்து, மஞ்சள் தண்ணீர் தெளித்து, ஒரு தேவாரம் படித்து, வெள்ளைத் துணியால் போர்த்திப் படுக்க வைப்பார்கள். "அவனும் பாவம், ஆறட்டும்" என்பார்கள். இந்த வருடம் புதுச் சூரன் வந்துவிட்டது. பழையதைக் கோயில் நிர்வாகத்தில் இருந்த தில்லைநாதன் அண்ணை சயந்தனிடம் ஒப்படைத்தார்.

"தம்பி, இது கடலிலை விடவேண்டிய சாமான். இஞ்சை கடலுக்கு எங்கை போறது? ஆத்திலை போட்டால் பொலிஸ் வரும். நீ பிளந்து எரிச்சுப்போடு. எரிக்கேக்கை ஒரு தேவாரம் படி."

நல்ல வேம்பை எந்தத் தச்சன் எரிப்பான்? வண்ணத்தைச் சுரண்டி, கழுத்துத் துளையை அடைத்து, புதுக் கைகால் பூட்டினான். அண்ணை கேட்டபோது, "ஓம், எரிச்சிட்டன்" என்றான்.

இன்னொன்றும் செய்தான். கோபத்தைக் கட்டுப்படுத்தப் பழக்கும் வகுப்பொன்றுக்கு அவன் கிழமைக்கு ஒருநாள் போய்வந்தான். வகுப்பு நடத்திய பெண், "கோபம் வந்தால் அதை ஆட்களிடம் காட்டாதீர்கள். வெளியே போய் எங்காவது கொட்டிவிட்டு வாருங்கள்" என்று சொல்லியிருந்தார். சயந்தன் அதை அப்படியே எடுத்துக்கொண்டான். மேலதிகாரி முகம் சுளித்தால், லக்சாயினியின் அக்கா தொலைபேசியை எடுக்காமல் விட்டால், இறங்கி வருவான். கொங்கிறீற்றுக் கதவைச் சாத்துவான். வெளியே ஒரு சத்தமும் போகாது என்று நினைத்தான். அந்த மர நெஞ்சில் இரண்டு கையையும் ஊன்றி, வாயை அதனோடு வைத்து, மனைவியிடமும் பிள்ளையிடமும் சொல்ல முடியாததையெல்லாம் தமிழில் கத்துவான். பிறகு வியர்வையைத் துடைத்துக்கொண்டு, பால் மாதிரி முகத்தோடு மேலே போவான். வகுப்பில் அவனைப் பாராட்டினார்கள். வேலைத்தலத்தில் சிறீதரன், "என்னடா மச்சான், சாமியார் ஆகிட்டியோ? அடுத்த கிழமை காவியோ?" என்று பகிடி பண்ணினான்.

அவன் திருந்தவில்லை. கோபத்தை ஒரு இடத்தில் வைத்துவிட்டு வந்தான். அவ்வளவுதான்.

செவ்வாய்க்கிழமை வலது கை ஒரு சாண் உயர்ந்திருந்தது.

மரம் ஈரத்தை இழுக்கும், விறைக்கும், ஆணி இளகும். தச்சனுக்கு ஆயிரம் காரணம் தெரியும். அவன் இரண்டு கையாலும் அதை அழுத்திக் கீழே இறக்கினான். அது எதிர்த்தது. ஆணி இறுகினால் வருகிற எதிர்ப்பு இல்லை. சின்னப்பிள்ளையின் கையைப் பிடித்து இழுக்கும்போது அது பின்னுக்கு இழுக்குமே, அந்த மாதிரி. மரம் இளஞ்சூடாக இருந்தது. பக்கத்துச் சலவை அறையில் இயந்திரம் சுற்றுகிற சத்தம் சுவர் வழியாக வந்துகொண்டிருந்தது. சூடு அங்கிருந்துதான் வருகிறது என்று தனக்குச் சொன்னான். பிறகு சுவரைத் தொட்டுப் பார்த்தான். சுவர் குளிர்ந்திருந்தது.

புதன்கிழமை பின்னேரம் ஐந்து மணிக்கே வெளியே இருண்டு, மூடுபனி கண்ணாடிகளில் அப்பிக்கொண்டு நிற்க, மாடிப்படியில் ஃபிராவ் ஹூர்லிமன் உடுப்புக் கூடையோடு மூச்சு வாங்கி நின்றார். அவருடைய வாசலில் நின்று கத்தியது அவனுக்குக் கொஞ்சம் உறுத்தியது. கூடையை வாங்கி மேலே கொண்டுபோய் வைத்தான்.

"நன்றி," என்றார் அவர். "ஒன்று சொன்னால் கோபிக்கமாட்டீர்களே? கீழே உங்களோடு வேலை செய்கிற நண்பர் நல்ல மனிதர் போல."

"எந்த நண்பர்?"

"எனக்கு உங்கள் மொழி தெரியாது. சலவை அறையில் இருந்தால் காற்றுக் குழாய் வழியாகக் கேட்கும். நீங்கள் ஏதோ கத்துகிறீர்கள். பிறகு அவர் அதையே சொல்கிறார். மெதுவாக, பிழை விடாமல். எங்களுக்குப் பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு படிப்பித்த மாதிரி. ஆசிரியர் ஒரு தடவை, பிள்ளை ஒரு தடவை."

சயந்தன் கீழே போகும் படிகளைப் பார்த்தான்.

"இன்று காலையும் கேட்டது," என்றார் அவர். "நீங்கள் வேலைக்குப் போன பிறகு. தனியாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார்."

அன்று அவன் நிலவறைக்குப் போகவில்லை. வீட்டுக்குள் எல்லா விளக்கையும் போட்டுவிட்டு, சாமிப்படத்துக்கு முன்னால் வெகுநேரம் நின்றான். திருநீற்றை அள்ளிப் பூசினான். பிறகு தில்லைநாதன் அண்ணைக்குத் தொலைபேசி எடுத்து உண்மையைச் சொன்னான்.

அண்ணை கேட்டார்.

"அதுக்கு முன்னாலை நிண்டு கோவமாக் கதைச்சனியோ?"

"...ஓம்."

"எவ்வளவு நாள்?"

"மூண்டு மாசம்."

"அட பாவி. இருபது வருசம் நாங்கள் அதைக் கோவப்படப் பழக்கினது. சும்மா ஒரு மரத்தை ஆட்டினது எண்டு நினைச்சியோ? அதுதானே முடிஞ்ச உடனை தண்ணி தெளிச்சு ஆத்திறது. நீ ஆத்தினியோ?"

"இல்லை அண்ணை."

"அப்ப போய் மன்னிப்புக் கேள்."

கோபம் சுர்ரென்று ஏறியது. "என்னண்ணை பேய்க்கதை கதைக்கிறியள்! மரத்திட்டையோ மன்னிப்புக் கேக்கிறது?"

"மரத்திட்டை ஆர் கேக்கச் சொன்னது? நீ ஆரை நினைச்சுக் கத்தினியோ அவையிட்டைக் கேள். இப்ப எடு. இப்பவே. மனிசியோடை ஒரு வார்த்தை, பிள்ளையோடை ஒரு வார்த்தை. 'நான் செய்தது பிழை' எண்டு சொல்லு. காசோ பணமோ, ஒரு வார்த்தைதானே தம்பி."

எட்டு மாதமாக அவன் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. "இனிச் செய்யமாட்டன்" என்று சொல்லியிருக்கிறான். "வகுப்புக்குப் போறன்" என்று சொல்லியிருக்கிறான். அது வேறு, இது வேறு. லக்சாயினியின் எண்ணை எடுத்தான். அவளுடைய அக்கா கஜலக்சுமி எடுத்து, வழக்கமான தொனியில், "என்ன வேணும்?" என்றாள்.

அந்தத் தொனி. அது போதும்.

"ஒண்டுமில்லை," என்று சொல்லி வைத்துவிட்டான். சனிக்கிழமை நேரில் சொன்னால் போச்சு.

அந்தக் கோபத்தை அவன் எங்கும் கொட்டவில்லை. ஆனால் சாப்பாட்டு மேசையில் அமர்ந்தபோது அது அவனிடம் இல்லை. வாளியில் ஓட்டை விழுந்தமாதிரி இறங்கிப் போயிருந்தது. காலுக்குக் கீழே, நான்கு மாடிக்குக் கீழே, ஏதோ ஒன்று ஒருமுறை நிலத்தில் ஊன்றியது போலத் தரை அதிர்ந்தது.

வெள்ளிக்கிழமை நான்கு மணிக்கே வேலையால் வந்து, வாளையும் உளியையும் எடுத்துக்கொண்டு இறங்கினான். அறுத்து முடித்துவிடுவது. பிள்ளைக்குச் சரிவரவில்லை என்று சொல்லிவிடுவது. நிலவறை விளக்கு, சுவரில் உள்ள ஆளியை அழுத்தினால் மூன்று நிமிடம் எரியும். பிறகு தானாக அணையும். வேப்பம் பட்டையின் கசப்பு மணம் படியிலேயே வந்தது. அதற்குள் இன்னொரு மணம். வியர்வை. அவனுடைய வியர்வை.

வலது கை நெஞ்சளவு உயர்ந்திருந்தது. விரல்கள் ஒன்றோடொன்று சேர்ந்து, உள்ளங்கை திறந்து.

தோளில் வாளை வைத்து இழுத்தான். முதல் இழுப்பில் மரத்தூள் விழுந்தது. இரண்டாவது இழுப்பில் நெஞ்சுக்குள்ளிருந்து சத்தம் வந்தது. வாய் இல்லாத முகத்திலிருந்து இல்லை. அவன் மூன்று மாதம் வாயை வைத்துக் கத்திய அந்த இடத்திலிருந்து.

"எத்தினை தரம் சொன்னனான்?"

அவனுடைய குரல். அவனுடைய மூச்சு இழுப்பு. கடைசிச் சொல்லில் அவன் பல்லைக் கடிக்கிற விதம்.

"எத்தினை தரம் சொன்னனான் உனக்கு?"

விளக்கு அணைந்தது.

இருட்டில் வாள் கையிலிருந்து விழுந்தது. ஆளியைத் தேடினான். சுவர். சுவர். சலாகை. எங்கோ மிக அருகில், மரம் மரத்தோடு உரசுகிற நீண்ட சத்தம், மேல்நோக்கி. அவன் வெளியே பாய்ந்தான். கொங்கிறீற்றுக் கதவைத் தோளால் தள்ளிச் சாத்தினான். இரும்புக் கைபிடிகள் இரண்டையும் திருகிப் பூட்டினான். குண்டைத் தாங்கும் கதவு. அதற்கு முதுகைக் கொடுத்து நின்றபோது, உள்ளே இருந்து வந்த குரல் பணிவாக, பொறுமையாக, பாடம் சொல்வது போலச் சொல்லிக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை காலையில் அவன் அதிசயமான அமைதியோடு எழும்பினான். இப்படி ஒரு அமைதியை அவன் வாழ்நாளில் அறிந்ததில்லை. பயம்கூட எங்கோ தூரத்தில் இருந்தது. வீட்டைக் கூட்டினான். சாமிப்படத்துக்குப் பூ வைத்தான். "நான் செய்தது பிழை. என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ." கண்ணாடியைப் பார்த்துப் பத்துத் தரம் சொன்னான். ஒவ்வொரு தரமும் இலகுவாக வந்தது. புதன்கிழமை ஏன் வரவில்லை என்று அவனுக்கே புரியவில்லை.

இரண்டு மணிக்குத் தமிழ்க் கடைக்குப் போனான். மதுஜாவுக்குப் பிடித்த பயற்றம் பணியாரமும் ஒரு முழம் மல்லிகைப்பூவும் வாங்கினான். மூடுபனியில் ட்ராம் விளக்குகள் மெதுவாக வந்து மெதுவாகப் போயின. திரும்பி வந்து மாடிப்படி ஏறியபோது மணி இரண்டே முக்கால்.

நான்காம் மாடியில், கதவுக்கு வெளியே, இரண்டு சோடிச் சப்பாத்து. பெரியது ஒன்று. சின்னது ஒன்று.

முந்திய ரயிலில் வந்திருக்கிறாள். அவளிடம் சாவி இருக்கிறது. கதவு ஒருக்களித்திருந்தது, கருவேப்பிலையும் வெங்காயமும் தாளிக்கிற மணம் வந்தது. அவனுக்கு ஒருநேரச் சோறு சமைத்து வைப்பதற்காக அவள் நேரத்தோடு வந்திருந்தாள். எட்டு மாதத்துக்குப் பிறகும். அவனுடைய நெஞ்சு நிறைந்தது. கண் கலங்கியது. வார்த்தை நாக்கு நுனியில் இருந்தது.

அப்போதுதான் படிகளைப் பார்த்தான்.

கீழேயிருந்து மேலே, ஒவ்வொரு படியிலும், மரத்தூள். பெரிய பாதச் சுவடுகள். அவனுடைய வாசல் வரை வந்து, உள்ளே போயிருந்தன. வெளியே வரவில்லை.

கதவைத் தள்ளினான்.

குசினியில் சட்டி கவிழ்ந்து கிடந்தது. சோறு தரையெங்கும். அடுப்பில் வெங்காயம் கருகத் தொடங்கியிருந்தது. குளிர்சாதனப் பெட்டிக்கும் சுவருக்கும் இடையில் மதுஜா குந்தியிருந்து, இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டிருந்தாள். அவளுக்கு முன்னால் லக்சாயினி. லக்சாயினிக்கு முன்னால், உத்தரத்தில் முட்டுகிற உயரத்தில், சாம்பல் நிற முதுகு.

"அப்பா, நான் தெரியாமல் தட்டினது," என்றாள் மதுஜா. அந்த முதுகுக்கு அப்பாலிருந்து. அந்தப் பிளவு முகத்தைப் பார்த்து. "தெரியாமல் அப்பா. சோறு நான் கூட்டி அள்ளுறன் அப்பா."

"இஞ்சருங்கோ," என்றாள் லக்சாயினி. அவளும் அதைத்தான் பார்த்துச் சொன்னாள். எட்டு வருடமாகச் சொன்ன அதே தொனியில். அந்தத் தொனியை இந்தப் பக்கம் நின்று கேட்பது அவனுக்கு இதுதான் முதல் தடவை. "இஞ்சருங்கோ, பிள்ளைக்கு வேண்டாம். அவள் சின்னன். என்னை அடியுங்கோ."

சயந்தன் கத்தினான். கத்த முயன்றான். நெஞ்சுக்குள் கையை விட்டுத் தேடுவது போலத் தேடினான். ஒரு தகப்பனுக்கு, தன் பிள்ளையின் முன்னால் நிற்பதற்கு வேண்டிய ஒரு துளிக் கோபம். ஒரு துளி. இல்லை. எல்லாவற்றையும் கொடுத்துவிட்டிருந்தான். வாயிலிருந்து வந்தது வகுப்பில் பாராட்டப்பட்ட அந்தப் பால்போன்ற குரல்.

"லக்சா, நான் செய்தது பிழை. என்னை மன்னிச்சுக்கொள்."

லக்சாயினி அவன் பக்கம் திரும்பினாள். அவளுடைய கண் அவனுடைய முகத்தில் பட்டது. அதில் அவனை அடையாளம் கண்ட குறி இல்லை. வெட்கம் மட்டும் இருந்தது. வீட்டுக்குள் சண்டை நடக்கும்போது கதவைத் தட்டுகிற அயலாரைப் பார்ப்பாளே, அந்த வெட்கம். நடுங்குகிற உதட்டில் ஒரு சிரிப்பை ஒட்டவைத்துக்கொண்டு, ஜெர்மனில், மரியாதையாகச் சொன்னாள்.

"ஒன்றுமில்லை. எல்லாம் சரி. நன்றி. தயவுசெய்து போங்கள்."

அவள் வந்து அவனை மெதுவாக வாசலுக்கு வெளியே தள்ளினாள். அவன் தள்ளப்பட்டான். அவளுடைய தலைக்கு மேலாக அந்த மரக்கை தெரிந்தது. முழுவதும் உயர்ந்து, உள்ளங்கை திறந்து, விரல்கள் சேர்ந்து. இன்னும் இறங்கவில்லை. கதவு சாத்தப்படுவதற்காகக் காத்துக்கொண்டிருந்தது.

கதவு சாத்தப்பட்டது. உள்ளே சாவி திரும்பியது.

"எத்தினை தரம் சொன்னனான்?" என்றது அவனுடைய குரல்.

சயந்தன் கையைத் தூக்கினான். மல்லிகைப்பூவை மற்றக் கையில் பிடித்துக்கொண்டு, யாருக்கும் தொந்தரவு இல்லாமல், மெதுவாக, மிக மெதுவாக, ஒரு நல்ல அயலவனைப் போலக் கதவைத் தட்டிக்கொண்டு நின்றான்.